கழித்த கடலை எங்கே போகிறது?

வறுத்த நிலக்கடலையை ஒரு கை அள்ளி மென்றுகொண்டிருக்கும்போது ஒரே ஒரு சொத்தை அகப்பட்டால் போதும், வாயெல்லாம் கசந்துவிடும். உடனே துப்பிவிடுவோம். நாக்கு காவல் இருக்கிறது என்று நிம்மதி. ஆனால் கடலையிலும் மக்காச்சோளத்திலும் சேரும் ஒரு நஞ்சு அந்தக் காவலில் சிக்குவதில்லை. அதற்குச் சுவை இல்லை, வாடை இல்லை. மணி பார்க்கத் திடமாக இருக்கும், உள்ளே நஞ்சு இருக்கும். சொத்தையின் கசப்பு கெட்டுப்போனதற்கு அடையாளம்தானே தவிர, இந்த நஞ்சுக்கு அடையாளம் அல்ல. அதன் பெயர் அஃப்ளாடாக்சின். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது சாப்பாட்டையும் கெடுக்கிறது, வியாபாரத்தையும் கெடுக்கிறது.

வான்கோழிகள் காட்டிக்கொடுத்தது

1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. காரணம் புரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். துருவிப் பார்த்தபோது, தீவனத்தில் சேர்த்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு மாட்டியது. அதில் ‘ஆஸ்பெர்ஜிலஸ் ஃப்ளேவஸ்’ என்ற பூசணம் வளர்ந்திருந்தது. அந்தப் பெயரின் துண்டுகளோடு நஞ்சைக் குறிக்கும் ‘டாக்சின்’ என்ற சொல்லை ஒட்டவைத்துப் பிறந்ததுதான் அஃப்ளாடாக்சின்.

இதில் பல வகை உண்டு. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்பவற்றை ‘பி’ என்றும் பச்சையாக ஒளிர்பவற்றை ‘ஜி’ என்றும் பிரித்தார்கள். அவற்றில் பி1 மிகக் கொடியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் தொகுதியில் அஃப்ளாடாக்சின்களைச் சேர்த்திருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

இந்த நஞ்சு குறிவைப்பது கல்லீரலை. ஒரே சமயத்தில் அதிகமாகப் போனால் மஞ்சள் காமாலை, வயிற்று வீக்கம், கல்லீரல் செயலிழப்பு, சாவு. 2004-இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில், மக்குவேனி, கிடுயி மாவட்டங்களைச் சுற்றி இதுதான் நடந்தது. 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். சரியாகக் காயாத மக்காச்சோளத்தைக் களஞ்சியத்தில் போடாமல் வீட்டுக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்த குடும்பங்களில் பாதிப்பு கூடுதலாக இருந்தது. பஞ்சக் காலத்தில் தானியம் திருட்டுப் போகும் என்ற பயம் வேறு. அந்த ஊர்களில் மூன்று வேளையும் உகாலிதான், அதாவது நம்மூர்க் களி மாதிரி மக்காச்சோள மாவில் கிண்டுவது. கிண்டினாலும் வறுத்தாலும் சுட்டாலும் வீட்டு அடுப்பின் சூட்டுக்கு இந்த நஞ்சு முழுதாக அழியாது. அன்று கடைத்தெருவில் எடுத்த மக்காச்சோள மாதிரிகளில் பாதிக்கு மேல் அரசு வரம்பைத் தாண்டியிருந்தன.

இது ஆப்பிரிக்காவின் தனிக் குறை அல்ல. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள்.

இப்படிச் சாவு விழுந்தால் செய்தியாகிவிடும். செய்தியாகாத பாதிப்புதான் பெரியது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு இந்த நஞ்சின் புற்று விளைவிக்கும் வீரியம் சுமார் 30 மடங்கு. சஹாராவுக்குத் தெற்கே பல இடங்களில் கிருமியும் நஞ்சும் ஒரே உடலில் சந்திக்கின்றன. குழந்தைகள் கதையும் உண்டு. பெனின், டோகோ நாடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 480 குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 99 சதவீதக் குழந்தைகளிடம் இந்த நஞ்சின் தடயம் இருந்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் தடயம் கூடுதலாக இருந்தது. தாய்ப்பால் மறந்து மாவுக்கஞ்சிக்கு மாறும் வயதில் அளவு ஏறுகிறது.

நஞ்சு எங்கே ஏறுகிறது?

பலரும் நினைப்பதுபோல் இது மூட்டையில் மட்டும் வரும் கோளாறு அல்ல. பூசணம் வெப்ப நாட்டு மண்ணிலேயே குடியிருக்கிறது. காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்து மண் சூடேறினால் செடி தளர்ந்துவிடும். நிலக்கடலையின் ஓடு வெடிக்கும், பூச்சி துளைக்கும், பூசணம் உள்ளே போகும். மக்காச்சோளத்தில் கதிர் நுனியில் தொங்கும் இழைகள் வழியாகவே இறங்கிவிடும். ஆக, அறுவடைக்கு முன்பே முதல் சுற்று முடிந்துவிடுகிறது.

இரண்டாவது சுற்று களத்தில். வெறுந்தரையில் பரப்பினால் மண்ணின் ஈரமும் பூசண வித்துகளும் ஒன்றாக ஏறும். மக்காச்சோளம் 13 சதவீத ஈரத்துக்கும், உரித்த நிலக்கடலை 7, 8 சதவீதத்துக்கும் இறங்கும்வரை காய வேண்டும். அதற்குள் மழை வந்துவிட்டால், அல்லது கையில் காசில்லாமல் அவசரமாக மூட்டை கட்டிவிட்டால், மூன்றாவது சுற்று சாக்குக்குள் நடக்கும்.

துறைமுகத்தில் நிற்கும் தராசு

வியாபாரத்தில் இந்த நஞ்சை நூறு கோடியில் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். நேரடியாகத் தின்னும் நிலக்கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு மொத்தம் 4 பங்கு. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் மக்காச்சோளத்துக்கு வைத்திருப்பது 10. அமெரிக்கா 20. ஒரே மூட்டை ஒரு துறைமுகத்தில் உணவு, இன்னொன்றில் நஞ்சு.

ஐரோப்பா இந்தக் கடுமையான வரம்பைக் கொண்டுவந்தபோது, உலக வங்கிப் பொருளாதார நிபுணர்கள் 2001-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சர்வதேச உணவுத் தரத்தோடு ஒப்பிட்டால், இந்த வரம்பால் ஆப்பிரிக்க ஏற்றுமதிக்கு ஆண்டுக்கு 67 கோடி டாலர் வரை நட்டம், ஐரோப்பாவில் குறையும் சாவுகளோ ஆண்டுக்கு நூறு கோடிப் பேரில் ஏறக்குறைய 1.4 என்றார்கள். நட்டத்தின் அளவைப் பற்றிப் பின்னால் வாதங்கள் எழுந்தன. ஆனால் அந்தக் கணக்கு கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்த கடலை எங்கே போகிறது?

பெரும்பாலும் அது குப்பைக்குப் போவதில்லை. முழு மணி, நல்ல நிறம், நல்ல பருமன் என்று பொறுக்கியெடுத்தது கப்பலேறும். சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது உள்ளூர்ச் சந்தையில் மலிவாக விலை போகும். அரைத்து மாவாக்கியபின் எது சொத்தை, எது நல்லது என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தப் புண்ணாக்கையே பொரித்துக் ‘குலிகுலி’ என்று மனிதர்களே தின்கிறார்கள். ஐரோப்பியரைக் காக்கும் வரம்பு, ஏழை வீட்டுத் தட்டில் நஞ்சைச் செறிவாக்கியும் விடலாம்.

ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் செய்யும் வியாபாரத்திலும் இது வெடித்திருக்கிறது. 2021 மார்ச்சில் உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தை இந்த நஞ்சைக் காரணம் காட்டிக் கென்யா நிறுத்தியது. சில நாள்களிலேயே, இறக்குமதியாளர் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் நஞ்சு 10 பங்குக்குள் என்று சான்று வேண்டும் என்ற நிபந்தனைகளோடு தடையைத் தளர்த்தியது.

சான்று வாங்குவதும் லேசல்ல. நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருக்காது, சில மணிகளிலேயே குவிந்திருக்கும். மாதிரி எடுக்கும் கை அந்த மணிகளைத் தொட்டால் சரக்கு தோற்கும், தொடாவிட்டால் தேறும். தவிர, விளைவித்தவரே சமைத்துத் தின்னும் தானியம் எந்தச் சோதனைச் சாலையையும் பார்ப்பதில்லை.

முள்ளை முள்ளால் எடுப்பது

அப்படியானால் தடுக்க வேண்டிய இடம் வயலும் களமும்தான். இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இதே பூசண இனத்தில் நஞ்சு தயாரிக்கத் தெரியாத சாதுவான வகைகளும் உண்டு. அவற்றை முன்கூட்டியே வயலில் விட்டால், நஞ்சு வகைக்கு இடம் கிடைக்காமல் போகும். அமெரிக்காவில் பருத்தி வயல்களுக்காகப் பீட்டர் காட்டி என்ற விஞ்ஞானி வளர்த்தெடுத்த முறை இது. நைஜீரியாவின் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் அவரோடு சேர்ந்து இதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அங்கே அதை முன்னின்று நடத்தியவர் இந்தியாவிலிருந்து போன பயிர் நோயியல் அறிஞர் ரணஜித் பந்தோபாத்யாய்.

பொருளின் பெயர் அஃப்ளாசேஃப். அந்தந்த நாட்டு மண்ணிலேயே கண்டெடுத்த நான்கு சாது வகைகளை, முளைக்காதபடி சூடேற்றிய சோளத்தின் மேல் பூசி, தின்னும் தானியத்தோடு குழம்பாமலிருக்க நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். பூப்பதற்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன் எக்டேருக்கு 10 கிலோ கையால் தூவினால் போதும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். அந்தச் சோளத்தைத் தின்று சாதுப் பூசணம் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நஞ்சு பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பயிரோடு அது மூட்டைக்கும் போவதால் சேமிப்பிலும் ஓரளவு காக்கிறது. நைஜீரியாவில் தொடங்கி கென்யா, செனகல், காம்பியா, தான்சானியா என்று பல நாடுகள் இதற்கு அனுமதி கொடுத்திருக்கின்றன.

மற்ற வழிகளுக்கு விஞ்ஞானி தேவையில்லை. தரையில் பரப்பாமல் தார்ப்பாயில் காயவைப்பது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஈரமில்லாத பாட்டிலில் கொஞ்சம் மக்காச்சோளமும் உலர்ந்த உப்பும் போட்டுக் குலுக்குவது: உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்குவது. நஞ்சின் பெரும்பகுதி அவற்றில்தான் இருப்பதால் இந்த ஒரு வேலையே பாதிக் காரியத்தை முடிக்கும். காய்ந்த தானியத்தைக் காற்றுப் புகாத பைகளில் கட்டுவது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் கேமரூனில் தட்டைப்பயறுக்காக உருவாக்கிய மூன்றடுக்குப் பை இன்று ஆப்பிரிக்கா எங்கும் புழங்குகிறது. உள்ளே இருக்கும் பூச்சி, இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். ஆனால் ஈரத் தானியத்தை அதில் கட்டினால் பயனில்லை. இவற்றோடு குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டால் புற்று அபாயத்தின் பெரிய பங்கு விலகும். தினமும் ஒரே மாவைத் தின்னாமல் கம்பும் கேழ்வரகும் கிழங்கும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் உள்ளே போகும் அளவு குறையும்.

யார் காசு கொடுப்பது?

இத்தனை வழி இருந்தும் நஞ்சு ஏன் ஒழியவில்லை? தார்ப்பாய் வாங்கி, நாலு நாள் கூடுதலாகக் காயவைத்து, பத்துக் கிலோவில் ஒரு கிலோவைப் பொறுக்கிக் கழித்த விவசாயிக்கும், எதையும் செய்யாத பக்கத்து வயல்காரருக்கும் சந்தையில் ஒரே விலை. பொறுக்கியவருக்கு எடையிலும் நட்டம். கண்ணுக்குத் தெரியாத நன்மைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

நைஜீரியாவில் அஃப்ளாசேஃப் மக்காச்சோளத்துக்குக் கூடுதல் விலை தர முன்வந்தவர்களில் கோழிப்பண்ணைக்காரர்களும் தீவன ஆலைக்காரர்களும் உண்டு. காரணம் எளிது. கோழி செத்தாலும் முட்டை குறைந்தாலும் மாதக் கணக்கில் தெரிந்துவிடும். குழந்தை இரண்டு அங்குலம் குட்டையாக வளர்ந்தால் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஆகவே அந்த விலையை அரசுதான் கொடுக்க வேண்டும்: பள்ளி உணவுக்கும் ரேஷனுக்கும் சோதித்த தானியத்தை மட்டும் நல்ல விலைக்கு வாங்குவது, கழித்ததைத் தின்னும் சந்தைக்கு விடாமல் தானே எடுத்துக்கொள்வது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2012-இல் இந்த நஞ்சைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியிருக்கிறது. துறைமுகத்தில் வைக்கும் தராசு எத்தனை துல்லியமாக இருந்தாலும், களத்தில் பொறுக்கும் கைக்குக் கூலி கிடைக்காதவரை நஞ்சு ஏழை வீட்டுக்கே திரும்பும்.

கடைசியாக நமக்கும் ஒரு சொல். வீட்டில் கடலை உரிக்கும்போது பூசணம் பிடித்ததைத் தனியே எடுத்து, மாட்டுக்குப் போடலாம் என்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் உண்டு. கெட்ட புண்ணாக்கு மனிதருக்கு ஆகாது, மாட்டுக்கு ஆகும் என்றும் சொல்வோம். மாடு தின்ற பி1, எம்1 என்ற வடிவில் பாலில் வருகிறது, காய்ச்சினாலும் போகாது. கழித்ததை மாட்டுக்குப் போடாதீர்கள். மறுநாள் காலையில் அது டம்ளரில் திரும்பி வரும்.