யாருடைய பிள்ளை?

கண்டியிலிருந்து வத்தேகாமம் வழியாக மலையேறும் பாதை பன்விலக் கடைத்தெருவைத் தொட்டு மடுல்கலைப் பக்கம் திரும்புகிறது. அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த மலைகள் இருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியாதபடி மூட்டம் கவிந்துவிடும். 2013ஆம் ஆண்டின் இறுதியில், அத்தகைய ஒரு மாலைப்பொழுதில், என் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்த பழைய மாணவி ஒருத்தி தேநீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், அந்தச் சின்னப் பிள்ளை யாருடைய பிள்ளை?"

நான் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியன். என் தந்தையாரும் அதே தொழிலில் இருந்தவர். இந்தப் பகுதியில் ஆசிரியன் என்றால் எழுதிக் கொடுப்பவன் என்றும் பொருள். மனு, விண்ணப்பம், பிறப்புப் பதிவுக்கான விபரம், முதலாளிக்குக் கடிதம் யாவும் அவன் மேசைக்கே வந்து சேரும். கேள்வி கேட்டவளோ அபிவிருத்தி உத்தியோகத்தர். சமூகப்பணியை முறையாகக் கற்றவள். வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல விரும்பும் தாய்மாரின் குடும்ப நிலையை நேரிற் கண்டு அறிக்கை எழுதுவது அவளுடைய வேலைகளில் ஒன்று.

அந்த அறிக்கைக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று பெயர். 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் அதனைக் கட்டாயமாக்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குச் செல்ல முடியாது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருப்பின், அவர்களைப் பராமரிக்கத் தகுந்த ஒருவர் இருப்பதை உத்தியோகத்தர் திருப்தியுறும்படி காட்ட வேண்டும். இதுவே விதி. தகப்பன்மாருக்கு இத்தகைய விதி எதுவும் இல்லை. தகப்பன் கட்டார் போகலாம், சவூதி போகலாம். அவன் பிள்ளை தொட்டிலில் கிடக்கிறதா என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

விதி வந்த காலத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வாண்டு ஜனவரி மாதம் 9ஆம் திகதி மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்குக்குச் சவூதி அரேபியாவில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. 2005ஆம் ஆண்டு பணிப்பெண்ணாகச் சென்றபோது அவளுக்கு வயது பதினேழு. கடவுச்சீட்டிலோ வயது பல ஆண்டுகள் கூட்டி எழுதப்பட்டிருந்தது. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் என்று சென்றவளின் கையில் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது, குழந்தை இறந்தது, அவள் கொலையாளி எனத் தீர்க்கப்பட்டாள். எங்கள் லயங்களில் அப்பெயரை அறியாதவர் இல்லை. அவள் வயதைத் திருத்தி எழுதிய கை யாருடையதாயினும், அந்தக் கை அன்றைக்கு ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உதவி செய்வதாகவே எண்ணியிருக்கக்கூடும். இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இனி, அந்தத் தாயின் கதைக்கு வருகிறேன். கொழுந்து பறிப்பவள், இருபத்தேழு வயது. கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவன் அனுப்பும் பணம் சில மாதங்களில் வரும், சில மாதங்களில் வராது. எட்டு வயதில் ஒரு பையன், மூன்றரை வயதில் ஒரு பெண். அந்நாளில் தோட்டச் சம்பளம், வருகைக்கும் விலைக்குமான கொடுப்பனவுகள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 620 ரூபாய். வருகை குறைந்தால் அதுவும் குறையும். நகைகள் அடகிலிருந்தன. மாமியார் திடகாத்திரமானவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். இடையிலிருந்த தடை அந்த மூன்றரை வயது மட்டுமே. தரகன் வழி சொல்லிக் கொடுத்தான்: சின்னவளை அக்காளுடைய பிள்ளை என்று சொல்லிவிட வேண்டும், ஊரறிந்த ஒருவர் கடிதம் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும்.

ஊரறிந்த அந்த ஒருவன் நான்தான். அவள் வந்து கேட்டாள். "மாஸ்டர் ஐயா, பெரியவன் மட்டுந்தான் எம்புள்ளைனு ஒரு கடுதாசி போதும்" என்றாள். நான் முடியாது என்றும் சொல்லவில்லை, ஆகும் என்றும் சொல்லவில்லை. பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெரிய மனிதர்களின் கோழைத்தனத்துக்குப் 'பார்ப்போம்' என்ற சொல்லைப்போல் வசதியான மறைவிடம் வேறில்லை. சின்னவளின் பிறப்புப் பதிவுக்கான விபரங்களை எழுதிக் கொடுத்தவனும் நானே. தாயின் பெயரை என் கையால் எழுதியிருந்தேன்.

மூன்றாம் நாள் மாணவி வந்து கேட்டாள். அயலவர் சொல்வது ஒன்று, பிள்ளை அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விதம் மற்றொன்று என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று இடங்கொடுத்தார். வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் அக்குறளைக் கற்பித்திருக்கிறேன். மாணவர் உற்சாகமாகக் கேட்கும் குறள் அது. பொய் சொல்ல அனுமதி கிடைத்துவிட்டதென்ற மகிழ்ச்சி அவர்களுக்கு. ஆனால் அன்று மாலை என்னை உறுத்தியது நன்மை என்ற சொல்லன்று, குற்றமற்ற என்ற நிபந்தனை. கடல் கடந்த ஒரு வீட்டில் அப்பெண்ணுக்கு நேரப்போவதையும் இங்கே அந்தப் பிள்ளைக்கு நேரப்போவதையும் முன்கூட்டியே அறிந்து, இதிலே குற்றமில்லை என்று கையொப்பமிட நான் யார்? அதேவேளை, கடிதம் கொடாமலிருப்பதும் குற்றமற்றதாகத் தோன்றவில்லை. கடன்காரன் காத்திருக்கமாட்டான்.

தாய் வெளிநாடு சென்ற பிள்ளைகளை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஒரு பையன் புதிய கைக்கடிகாரத்துடன் வருவான். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட வீட்டில் ஆளிராது. தாய் போகாமல் தோட்டத்திலேயே இருந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். மத்தியானம் சாப்பிடப் போவதாகச் சொல்லிப் பள்ளிக்குப் பின்னாலுள்ள பீலியில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். சட்டம் முதலாவது பிள்ளையைப் பார்த்து எழுதப்பட்டது. இரண்டாவது பிள்ளையை அது பார்க்கவில்லை.

இந்த மலைகளில் கடதாசி என்பது சாதாரணப் பொருளன்று. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களைக் கடதாசி இல்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டது. (அரசுகளும் 'பார்ப்போம்' என்று சொல்வதுண்டு.) விண்ணப்பங்கள் நிரப்பப்பட்ட அந்த நாட்களில் என் தந்தையாரின் மேசைக்கு முன்னால் இரவு பத்து மணிவரை ஆட்கள் நிற்பார்களாம். அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "எங்கே இருக்க விருப்பம்?" சொன்னதை எழுதுவார். போ என்றோ இரு என்றோ எவருக்கும் புத்தி சொன்னதில்லை. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்குமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிற்காலத்தில் தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை வழியனுப்பப் போனதையும் சொல்லியிருக்கிறார்.

சிக்காகோவில் பணியாற்றிய ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற பாதிரியார் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் சமூகப் பணியாளனுக்கும் உதவி நாடி வருபவனுக்கும் இடையிலான உறவுக்கு ஏழு தத்துவங்களை வகுத்தார். அவற்றுள் ஒன்று, வருபவன் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை. மற்றொன்று, அவன் சொன்ன இரகசியத்தைக் காத்தல். என் தந்தையார் பீஸ்டெக்கைப் படித்தவரல்லர். முதலாவது தத்துவத்தை அவர் முழுமையாகக் கைக்கொண்டார் என்று நான் நெடுங்காலம் பெருமைப்பட்டதுண்டு. இன்று அவ்வளவு நிச்சயமில்லை. இரண்டு வாசல்களும் பிறர் கட்டியவையாக இருக்கும்போது, எது வேண்டும் என்று கேட்பது மட்டும் மரியாதையாகிவிடுமா? அவர் நேர்மையானவர், ஆனால் சற்றுப் பயந்தவரும்கூட என்று தோன்றுகிறது. அந்தப் பயம் எனக்கும் வந்திருக்கிறது.

மாணவிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. "நாளைக்கு வா அம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பதில் அவளுக்கு அப்போதே கிடைத்திருக்கும். இருந்தும், "சரி சேர், நான் நாளைக்கே கேட்கிறேன்" என்று சொல்லி எழுந்து போனாள்.

மறுநாள் நான் செய்தது இது. பொய் சொல்வதில்லை, அதேவேளை, தாய்க்குத் தெரியாமல் உண்மையைச் சொல்வதுமில்லை, அவளிடம் முதலில் போய், நீயே சொல் என்று கேட்பது. முடிவு சரியானதென்றே இன்றும் எண்ணுகிறேன். அதைச் செய்த விதந்தான் தவறிப்போயிற்று. மனப்பாரத்தை இறக்கிவைக்கும் அவசரத்தில், மத்தியானக் கொழுந்து நிறுக்குமிடத்துக்கே போய் அவளை ஒதுக்கி அழைத்துப் பேசினேன். மாஸ்டர் தேடிவந்து பேசினால் வரிசையில் நிற்பவர்களின் காதுகள் சும்மா இருக்குமா? மாலைக்குள் லயம் முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பீஸ்டெக்கின் மற்றொரு தத்துவத்தை நான் கூடையோடு கொட்டிவிட்டேன்.

அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சட்டம் போட்டவுங்களுக்கு எம்புள்ளையத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமே ஐயா." அவ்வளவுதான். அன்று மாலையே தானாகப் பிரதேச செயலகத்துக்குப் போய், சின்னவளும் தன் பிள்ளையே என்று மாணவியிடம் சொல்லிவிட்டாள். விண்ணப்பம் நின்றுபோயிற்று.

என் மாணவி அதன்பின் செய்ததை நான் உயர்வாக மதிக்கிறேன். பிள்ளையை மறைக்க முயன்றாள் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அப்பெண் பிற்காலத்தில் செய்யக்கூடிய விண்ணப்பங்களுக்கும் அது இடையூறாகியிருக்கும். அதை அவள் எழுதவில்லை. நான் கேட்டபோது, "கையெழுத்தாகாத பொய்யைக் குற்றமாக எழுதுவது என் வேலையில்லை, சேர். அவர் வந்து சொன்னது உண்மை, அதைத்தான் எழுதினேன்" என்றாள். தரகனின் வழக்கத்தை மாத்திரம், எந்தத் தாயின் பெயரையும் குறிப்பிடாமல், மேலதிகாரிக்குத் தெரிவித்தாள். விதியை அவள் மீறவில்லை. விதிக்குள் இருந்த இடைவெளி முழுவதையும் அந்தப் பெண்ணின் பக்கமாகவே நின்று பயன்படுத்திக்கொண்டாள்.

அமெரிக்கச் சமூகப் பணியாளர் சங்கம் 1960ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட முதலாவது ஒழுக்க நெறி ஒரே பக்கத்தில் அடங்கியது. வாக்கியங்கள் தன்மை இடத்தில், 'நான்' என்று தொடங்கின. பின்னர் அது பல பக்கங்களாக விரிந்துவிட்டது. இக்காலச் சிக்கல்களுக்கு விரிவு தேவைதான். எனினும் அந்த 'நான்' என்ற தொடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. விதி முடிவு செய்தது, அலுவலகம் முடிவு செய்தது என்று சொல்லித் தப்ப அதில் இடமில்லை.

அந்தத் தாய் ஓராண்டுக்கு மேலாக என்னோடு பேசவில்லை. அடகிலிருந்த தோடு மூழ்கிப்போயிற்று என்று வேறொருவர் சொல்லக் கேட்டேன். 2015ஆம் ஆண்டு சின்னவளுக்கு ஐந்து வயது நிறைந்த சில மாதங்களில், முறைப்படி அறிக்கை பெற்று, குவைத்துக்குப் போனாள். அறிக்கையை எழுதியவளும் அதே மாணவிதான். இரண்டு ஆண்டு என்று போனவள் நான்கு ஆண்டு இருந்துவிட்டு வந்தாள். கடன் தீர்ந்தது. மாமியாரே பிள்ளைகளை வளர்த்தார். சின்னவள் இரண்டாம் வகுப்புவரை யாரோடும் அதிகம் பேசமாட்டாள். அதற்குத் தாயின் பிரிவு காரணமோ, இயல்பே அதுவோ, எனக்குச் சொல்லத் தெரியாது. முதலிலேயே போயிருந்தால் தோடு மிஞ்சியிருக்கும். மூன்றரை வயதுப் பிள்ளை என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போட என்னால் முடியவில்லை.

2022ஆம் ஆண்டு, நாட்டில் டொலர் இல்லாமற் போன காலத்தில், அந்த விதி தளர்த்தப்பட்டது. பிள்ளைகளின் நலனுக்கென்று இயற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒன்று, அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோது இளகிக் கொடுத்தது. அச்செய்தி வந்த அன்று மாணவி தொலைபேசியில் அழைத்தாள். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறாள். "அப்படியென்றால் அன்றைக்கு நாம் எதைக் காப்பாற்றினோம், சேர்?" என்றாள். சிறிது நேரம் இருவரும் பேசாதிருந்தோம். பிறகு அவள் தன் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிப் பேசினாள்.

சென்ற ஆண்டு, 2025இல், அந்தச் சின்னவளுக்குப் பதினைந்து வயதாயிற்று. அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைப் பிழையின்றி எழுத வேண்டுமென்று ஒருநாள் மாலை என் விறாந்தைக்கு வந்தாள். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தாள். படலைக்கு அப்பால், குடையை மடக்கிக்கொண்டு, அவள் தாய் நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். "இல்லீங்க ஐயா, சேறு" என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாயின் பெயர் என்ற இடத்தை முதலில் நிரப்பினேன்.