வயிற்றில் பை வைத்தவருக்குத் தோல் ஏன் புண்ணாகிறது?



குடலில் கட்டியோ அடைப்போ கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டு, வயிற்றின்மேல் ஒரு பையோடு வீடு திரும்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குடலின் முனையை வயிற்றுத் தோல் வழியே வெளியே எடுத்துத் தைத்திருப்பார்கள். டாக்டர்கள் அதை ஸ்டோமா என்பார்கள். மலம் அதன் வழியாகப் பையில் இறங்கும்.

சில வாரங்களில் அதைச் சுற்றித் தோல் சிவந்து எரிகிறது. சூட்டு உடம்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள். நோயாளியோ வெட்கப்பட்டு யாரிடமும் காட்டமாட்டார். பெரும்பாலும் காரணம் சாப்பாடு அல்ல. பையின் ஒட்டுத்தட்டில் நாம் வெட்டுகிற துவாரம் பெரிதாக இருப்பதுதான்.

அது எப்படி? அறுவையானவுடன் ஸ்டோமா வீங்கியிருக்கும். அடுத்த 6 முதல் 8 வாரங்களுக்குள் சுருங்கிவிடும். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வெட்டிக் காட்டிய பழைய அளவிலேயே நாம் வெட்டி வந்தால், ஸ்டோமாவுக்கும் தட்டுக்கும் நடுவே தோல் திறந்து கிடக்கும். கழிவு அங்கே தங்கி அரித்துவிடும். சிறுகுடலிலிருந்து வருவதானால் இன்னும் கடுமை. சோற்றையும் கறியையும் செரிக்கவைக்கும் நீர் அதில் கலந்திருக்கிறது. அது தோலையும் விட்டுவைப்பதில்லை.

ஆகவே முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். வட்டம் வட்டமாகத் துளையிட்ட அளவு அட்டையை மிஸ்ஸியிடம் கேட்டு வாங்கலாம். துவாரம் ஸ்டோமாவைவிடச் சுற்றிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தீக்குச்சியின் கனம், பெரிதாக இருந்தால் போதும்.

பை மாற்றக் காலையில் பசியாறுவதற்கு முந்திய நேரமே நல்லது. அப்போது கழிவு குறைவாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்து, தோலை ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். துடைக்கையில் ஸ்டோமாவில் துளி ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப்பவுடர் எதுவும் தோலில் வேண்டாம். பூசிய இடத்தில் தட்டு ஒட்டாது; மறுபடி ஒழுகும், மறுபடி புண்ணாகும்.

பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே கொட்டிவிட வேண்டும். கனம் கூடினால் தட்டு பெயரும். செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு வியர்வையிலும் பெயரும். தட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ தெரிந்தால் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பை விலையை நினைத்து, கசிகிற இடத்தில் பிளாஸ்டர் ஒட்டி இன்னும் இரண்டு நாள் ஓட்டுகிறவர்கள் உண்டு. கஷ்டம் நமக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தோல் கெட்டபின் ஒரு நாளில் இரண்டு மூன்று பை மாற்ற நேரிடும்; மிச்சம் பிடித்த காசும் அதோடு போய்விடும்.

தோல் உரிந்து நீர் கசிந்தாலும், அரிப்போடு சிறு சிறு சிவப்புப் பொரிகள் பரவினாலும் ஆஸ்பத்திரி மிஸ்ஸியிடம் காட்டுங்கள். பொரி பூஞ்சையால் வந்ததானால் அதற்குத் தனி மருந்து உண்டு. ஸ்டோமா எப்போதும் வாயின் உட்புறம்போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கவேண்டும். கருத்தோ ஊதா நிறமாகவோ மாறினால், வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். அதற்குத் தொட்டால் வலி தெரியாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.