கையும் களவுமாக

விஞ்ஞான மாணவனுக்கு உரோமச் சட்டம் எதற்கு என்று நண்பர்கள் நகைக்கலாம். சென்ற ஆண்டு விடுதியில் கைக்கடிகாரத்துடன் பிடிபட்ட ஒரு சிறுவனை நையப் புடைத்தோம். நானும் ஓர் அறை விட்டேன். அதே மாதம் என் சைக்கிளைத் திருடியவன் யாரென்று மூன்று வாரங் கழித்துத் தெரிந்தபோதோ, பணத்தைப் பெற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

கி. மு. 451–450இல் எழுந்த பன்னிரு பலகைச் சட்டம் இவ்வேறுபாட்டையே விதியாக வகுத்தது. கையும் களவுமாய் அகப்பட்டவன் அடிமையல்லாதவனாயின், கசையடி பட்டுப் பொருளுக்குரியவனிடம் ஒப்படைக்கப்படுவான். அடிமையாயின், கசையடிக்குப் பின் தார்ப்பேயப் பாறையிலிருந்து தள்ளப்படுவான். பின்னர்த் துப்புத் துலங்கிச் சிக்கியவனோ பொருளின் மதிப்பில் இருமடங்கு கொடுத்தாற் போதும்! பிற்காலத்தில் பிரீட்டர் என்னும் நீதி அதிகாரி முன்னதையும் நான்மடங்குப் பணமாக மாற்றினார். வேறுபாடு மட்டும் நீங்கவில்லை.

திருட்டுப் பொருளைத் தேடி வீடு புகுபவன் அரையில் ஒரு துணியுடன், கையில் தட்டேந்திச் செல்ல வேண்டுமாம். பொருள் கிடைத்தால் வீட்டுக்காரனும் கையும் களவுமாய்ப் பிடிபட்டவனே. கி. பி. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயஸே இதை எள்ளி நகையாடுகிறார்.

குற்றம் ஒன்று, தண்டனை ஏன் இரண்டு? 1861இல் ஹென்றி மெயின் விடை கூறினார். பறிகொடுத்தவன் சூட்டோடு சூடாக எவ்வளவு பழி வாங்குவானோ, அதையே பழஞ்சட்டம் அளவுகோலாகக் கொண்டதாம். ஆத்திரம் ஆறினால் தண்டனையும் இறங்கும். இப்படி ஏறி இறங்கும் அளவுகோலை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் தொடமாட்டார். விடுதியில் நான் அதைத்தான் கையாண்டேன். அச்சிறுவன் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.