மாத்திரையை நிறுத்தாதீங்க... வெயிலில் மட்டும் உஷார்!

கூடலூர்:
அரிவாள் செல் ரத்தசோகை நீலகிரி பழங்குடியினருக்குப் புதுசு இல்லை. இந்தியாவில் இந்த நோயின் கூறு முதலில் கண்டறியப்பட்டதே இவர்களிடம்தான். அது 1952-ல். ரத்த சிவப்பணு அரிவாள் போல வளைந்து சின்ன ரத்தக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அப்போது உயிர் போகிற வலி வரும்.

அந்த வலி அடிக்கடி வராமல் தடுக்க டாக்டர்கள் தருவது ஹைட்ராக்சியூரியா மாத்திரை. நீண்ட நாள் சாப்பிட்டால் தோல் புற்றுநோய் வரலாம் என்று மருந்தோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. படித்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு ரத்த நோய்களுக்காக வருஷக்கணக்கில் சாப்பிட்ட வயதானவர்கள். அரிவாள் செல் நோயாளிகளுக்கு வருவது ரொம்ப அபூர்வம். பயந்து நாமாகவே நிறுத்தினால் பழைய வலி திரும்பும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நகம் கறுத்துப் போவதும் இந்த மாத்திரையால்தான், பெரும்பாலும் அது புற்று இல்லை. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் முழுக்கை சட்டை, தலையில் துணி இல்லாமல் வெயிலில் நிற்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது கணுக்கால் புண். இந்த நோயிலும் வரும், மாத்திரையாலும் வரும். வருஷக்கணக்கில் ஆறாத புண் அபூர்வமாகப் புற்றாக மாறுவது உண்டு. புண்ணின் ஓரம் தடித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்க. சின்னதாக சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.