குடியரசுத் தலைவர் தேர்தலில் உங்க ஓட்டு எங்கே இருக்கு?

பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்தில் பிறந்தவர் ஆர்.வெங்கட்ராமன். முதல் பொதுத்தேர்தலில் தஞ்சாவூர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அவரை மக்களவைக்கு அனுப்பினாங்க. ஆனால், 1987-ல் அவர் குடியரசுத் தலைவரானபோது தஞ்சாவூரில் ஒரு வாக்குச்சாவடிகூடத் திறக்கலை. அப்போ அவரைத் தேர்ந்தெடுத்தது யார்?

யாருக்கு ஓட்டு?

அரசியலமைப்பின் 54-வது பிரிவு சொல்லும் 'வாக்காளர் குழு'வுக்குத்தான். நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள், டெல்லி, புதுச்சேரி உள்பட சட்டப்பேரவைகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள் இதில் இருப்பாங்க. நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது.

நம்ம எம்.எல்.ஏ. ஓட்டு = 176

1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம். அதை 234 தொகுதிகளால் வகுத்து, வருவதை மறுபடி 1,000-ஆல் வகுத்தால் 176. இதுதான் ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு. கும்பகோணம் முதல் பேராவூரணி வரை தஞ்சாவூர் மாவட்டத்தின் 8 தொகுதிகளுக்கும் சேர்த்து 1,408. மாநிலத்துக்கு மொத்தம் 41,184. இதே கணக்கில் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7.

எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி.யின் ஓட்டு மதிப்பு வரும். 2022 தேர்தலில் அது 700.

ஏன் இன்னும் 1971 கணக்கு?

குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலங்களின் பலம் அதனாலேயே குறைஞ்சிடக் கூடாது என்பதற்காக, 1976-ல் இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு விவரம் வெளியாகும் வரை இதுவே தொடரும். அதுக்குப் பிறகு 176 மாறலாம்.

எப்படி ஓட்டுப் போடுறாங்க?

இது ரகசிய வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதணும். செல்லுபடியான ஓட்டுகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் பெறுபவரே வெற்றி பெறுவார். யாருக்கும் அது கிடைக்கலைன்னா, கடைசியில் இருப்பவரை நீக்கிட்டு, அவருக்கு விழுந்த ஓட்டுகளை அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குச் சேர்ப்பாங்க.

நீங்க செய்ய வேண்டியது

உங்க தொகுதியில் நீங்க தேர்ந்தெடுக்கும் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும்தான் இந்தக் குழுவுக்குப் போறாங்க. அதனால உங்க பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கான்னு இன்றே செல்போனில் பாருங்க. புதுசா சேர்க்க படிவம் 6, முகவரி மாற்ற, பிழை திருத்த படிவம் 8. சந்தேகம் இருந்தா 1950-ஐ அழைத்துக் கேளுங்க.