உங்களுக்குத் தெரியுமா? உப்பு ஒன்றிய அரசிடம், மீன் மாநிலத்திடம், பறவை இருவரிடமும்

கூனிமேட்டை உள்ளடக்கிய மரக்காணம் கடற்கரையில், உப்பளத்து உப்பு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலிலும், கழுவெளி ஈரநிலத்தின் மீன் மாநிலப் பட்டியலிலும், அங்கு வலசை வரும் பறவை இரு அரசுகளும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன.

• காட்டுயிர்ப் பாதுகாப்பைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம்.

• கடல்நீரும் மழைநீரும் கலக்கும் உவர்நீர்ப் பரப்பான கழுவெளியை, 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பன்னாட்டு உடன்படிக்கைகளில் இந்தியாவின் சார்பில் இணைவது ஒன்றிய அரசே என்பதால், 2024 ஆகஸ்டில் 5,151.6 ஹெக்டேர் பரப்புடன் அது ராம்சார் தளமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டதற்கு இரு அரசுகளின் ஒத்துழைப்பும் இன்றியமையாததாயிற்று.

• ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் மாநில அளவில் ஈரநில ஆணையம் அமைக்க வழிசெய்கின்றன. எனினும், உப்பு உற்பத்திக்கென மனிதர் அமைத்த நீர்ப்பரப்புகளை அவை ஈரநிலமாகக் கொள்வதில்லை. நீர்ப்பறவைகள் உப்பளங்களிலும் இரை தேடுவதால் இவ்விடைவெளி மிகுந்த கவலைக்குரியது.