ஓ.எஸ். போனால் கோப்புகளும் போய்விடுமா?

கணினி தொடங்க மறுக்கிறது, நீலத்திரைதான் வருகிறது. பழுதுபார்ப்பவர், “ஓ.எஸ். போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாமா?” என்று கேட்கிறார். நாமும் சரி என்கிறோம். அதுவரை பத்திரமாக இருந்த படங்களும் ஆவணங்களும் பலநேரம் அந்தச் ‘சரி’யில்தான் அழிகின்றன.

ஓ.எஸ். எனப்படும் இயங்குதளமும் வட்டில் இருக்கும் கோப்புகளின் தொகுப்புதான். அது ‘விண்டோஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது; நம்முடையவை ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் இருக்கின்றன. முதலாவதில் முக்கியமான ஒரு கோப்பு கெட்டாலே கணினி படுத்துவிடும்; இரண்டாவதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்கினால் போதும், கணினி எழுந்துவிடும். ஆனால் பல அலுவலகங்களில் உடனே நுழையவே முடியவில்லை. வட்டு பூட்டப்பட்டிருந்தது, திரை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது.

ஆகவே, நம் கோப்பின் மேல் இருக்கும் பூட்டு எந்த வகை என்று அறிவதே மீட்பின் முதல் வேலை.

முதல் வகை, அனுமதி. 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். முறையில், ஒவ்வொரு கோப்பிலும் அதன் உரிமையாளரின் அடையாள எண் பதிவாகியிருக்கும். விண்டோஸைப் புதிதாக நிறுவி, அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் கொடுத்தாலும் புது எண்தான் கிடைக்கும். அதனால் பழைய ஃபோல்டரைத் திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்று வரும். பயப்பட வேண்டாம். இந்த அனுமதி வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. உள்ளே இருக்கும் பொருளை அது தொடுவதில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, ஃபோல்டரின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் உரிமையாளர் பெயரை மாற்றினால் திறந்துவிடும். நிறுவுவதற்கு முன்பே என்றால் இன்னும் எளிது: பென்டிரைவிலிருந்து உபுண்டு போன்ற லினக்ஸை இயக்கி, வேண்டியதை வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் பொதுவாக அந்த அனுமதிகளைப் பொருட்படுத்துவதில்லை.

இரண்டாம் வகை, குறியாக்கம். இதில் பொருளே உருமாறிவிடுகிறது. விண்டோஸ் 2000-இல் அறிமுகமான இ.எஃப்.எஸ். வசதியை எடுத்துக்கொள்வோம். கோப்பு ஒரு சாவியால் பூட்டப்படுகிறது. அந்தச் சாவியைத் திறக்கப் பயனரின் அந்தரங்கச் சாவி வேண்டும். அந்தரங்கச் சாவியைக் காப்பது நாம் நுழையும்போது தட்டும் பாஸ்வேர்டு. அந்தரங்கச் சாவி இருப்பது ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள், நம் பெயரிலுள்ள பகுதியில். ஃபார்மட் செய்தால் அதுவும் போகும். வேறு பார்டிஷனில் இருந்த கோப்பு அப்படியே இருக்கும், ஆனால் உரிமையாளர் பெயரை மாற்றினாலும் படிக்க முடியாது. அந்தரங்கச் சாவியையும் அதற்கான சான்றிதழையும் முன்பே பி.எஃப்.எக்ஸ். கோப்பாக வெளியே எடுத்து வைத்திருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால், அந்தப் பழைய பகுதியின் முழு நகலும் பழைய பாஸ்வேர்டும் இருந்தால் அதற்கான மென்பொருள்களைக் கொண்டு முயலலாம்.

விஸ்டாவுடன் வந்த பிட்லாக்கர் வட்டுப் பகுதி முழுவதையும் பூட்டுகிறது. இதன் சாவியை டி.பி.எம். என்ற சில்லு காக்கிறது. மதர்போர்டை மாற்றினாலோ, தொடக்க அமைப்பில் மாறுதல் கண்டாலோ சில்லு சாவியைத் தராது. 48 இலக்க எண்தான் வழி. அது ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 123453 வகுபடும், ஓர் இலக்கம் மாறி 123463 ஆனால் வகுபடாது. தட்டும்போதே பிழை பிடிபடுவது இதனால்தான். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. எண்ணும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுவதால், செல்பேசியில் அதே கணக்கில் நுழைந்து பார்க்கலாம்.

ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டதா? உடனே அந்த வட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகள் கோப்புகளின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடும். ஜேபெக் படம் என்றால் எஃப்.எஃப். டி8 எஃப்.எஃப். என்ற பைட்டுகள். பழைய ஹார்டு டிஸ்க்கில் இது பலன் தரும். எஸ்.எஸ்.டி.யில், அழித்த இடங்களை ‘டிரிம்’ கட்டளை விரைவில் துடைத்துவிடுவதால் நம்பிக்கை குறைவு.

குறியாக்கத்தின் கணக்குக்கு உரிமையாளர் யார், திருடர் யார் என்று தெரியாது. சாவி இல்லாத இருவரும் அதற்கு ஒன்றுதான். அதன் வலிமையும் அதுவே, ஆபத்தும் அதுவே. கணினி நன்றாக ஓடும்போதே மீட்பு எண்ணைத் தாளில் அச்சிட்டு வேறிடத்தில் வையுங்கள். சான்றிதழையும் முக்கியக் கோப்புகளின் நகலையும் வெளி வட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, “ஃபார்மட் செய்யும் முன் என்னைக் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.